படகுக்குக் காவல் தரும் கடிதம்

மார்ச் 4. ஒருவர். ஐம்பது லட்சம் நைரா.
மே 19. இருவர். எண்பது லட்சம்.
ஜூலை 2. ஒருவர். ஒரு கோடி.

நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட் எண்ணெய்த் தொழிலாளர் சங்கச் செயலாளர் சொட்டோன்யே, கடத்தப்பட்டவர்களை மீட்கக் கொடுத்த பணத்தை இப்படித்தான் எழுதி வைத்திருந்தார். எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுகளுக்குக் கடற்படைக் காவல் கேட்டு ஜூலை 16 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. நான்காம் நாள் அமைச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. காவலுக்கான உத்தரவுக் கடிதம் புறப்பட்டுவிட்டது, வேலைக்குத் திரும்புங்கள் என்றார்கள்.

"கடிதம் கைக்கு வரட்டும் செயலாளரே," என்றான் படகோட்டி டகோகோ. "கையெழுத்து இல்லாம எனக்கு ஒரு நாள் லீவுகூடக் குடுக்க மாட்டீங்க. இப்ப போன்ல சொன்னதை நம்பச் சொல்றீங்களா?"

"பெரிய அதிகாரியே பேசினாருப்பா. பெட்ரோலுக்கு ஊரே வரிசையில நிக்குது, நம்மளைத்தான் திட்டுறாங்க."

"சரி, போறேன். என் விலை என்னன்னு உங்க நோட்டுல இப்பவே எழுதிடுங்க."

ஜூலை 23 அன்று படகு காவலில்லாமல் போனது. கழிமுகத்தில் துப்பாக்கிக்காரர்கள் மறித்தார்கள். டகோகோ படகைத் திருப்பப் பார்த்தான். சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவன் பெயருக்கு எதிரே எழுத சொட்டோன்யேவிடம் தொகை எதுவும் இல்லை.

காவலுக்கு அனுமதி தரும் கடிதமும் வரத்தான் செய்தது. அதில் ஜூலை 19 என்று தேதி போட்டிருந்தது. சங்க அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நாள் செப்டம்பர் 11.