அக்கா பார்த்த புழு

எனக்குப் புழு வளர்க்கும் வேலை. பெங்களூரின் வடக்குக் கோடியில் ஓர் ஆய்வகம். புழு என்றதும் மண்புழுவை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். அது உருவாகி வளரும்போது நூற்று முப்பத்தொரு செல்கள் குறித்த நேரத்தில் தாமாகவே செத்துவிடும். பெரும்பாலும் நரம்பாகியிருக்க வேண்டியவை. ஒரு மரபணு பழுதான புழுக்களில் மட்டும் அந்தச் சாவு நடக்காது. சாக வேண்டிய செல்கள் உயிரோடு இருக்கும். புழுவும் நன்றாகவே இருக்கும்.

ஜீவனஹள்ளி வீட்டில் சாப்பிடும்போது இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அக்கா பள்ளிக்கூட டீச்சர். அம்மா அப்பா போனபின் நாங்கள் இருவர்தான்.

"சாகுறதுக்குக்கூட டைம்டேபிளா?" என்று சிரித்தாள்.

அடுத்த வருஷம் அவள் கையிலிருந்து சாக்பீஸ் நழுவ ஆரம்பித்தது. பிறகு புடவைக் கொசுவம் பிடிக்க முடியவில்லை. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன, நிறுத்த மருந்தில்லை என்றார் டாக்டர். திரும்பும்போது ஆட்டோவில் அக்கா கேட்டாள்.

"உங்க புழுவுல நிறுத்திட்டீங்கல்ல?"

"அது வேற அக்கா."

"என்ன வேற?"

சொன்னேன். கோழிக்குஞ்சு, எலி, மனுஷன் எல்லாருக்கும் கருவிலேயே இந்த நரம்புகளில் ஏறக்குறைய பாதி செத்துவிடும். உடம்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் வழி அது. உனக்கு வந்திருப்பது நோய். எலிக்கருவில் அந்தச் சாவைத் தடுத்தால் மூளை அளவுக்கு மீறி வளர்கிறது, குட்டி பெரும்பாலும் பிழைப்பதில்லை. பாடம் நடத்துவதுபோல எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

ஆட்டோ வீட்டு வாசலில் நின்றது. இறங்கும்போது, "ஒரு தடவ அந்தப் புழுவ எனக்குக் காட்டுடி" என்றாள்.

ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோது அவள் கழுத்து நிற்கவில்லை. நெற்றியை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் ஃபோகஸைத் திருகினேன்.

"தொண்டைகிட்ட வட்டம் வட்டமா தெரியுதா? அதுல பத்துப் பன்னெண்டு செத்திருக்க வேண்டியது."

"அதெல்லாம் என்ன வேல செய்யுது?"

"பெருசா ஒண்ணும் செய்யாது. சும்மா இருக்கும்."

"சும்மா இருந்தாப் போதுமேடி."

அவள் நெற்றி சூடாக இருந்தது. நிமிர்ந்த பிறகும் கையை எடுக்க மனசு வரவில்லை.

அதன்பிறகு பேச்சு குழறியது, பிறகு நின்றது. கடைசி மாதங்களில் கண் மட்டும்தான். ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். நான் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ஆட்டோவில் எலியைப் பற்றிச் சொல்லாமல், "பாக்கலாம் அக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

காலையில் கீரைக்காரர் கேட்டில் நின்று, கீரை வேண்டுமா என்பதை "அக்கா, சொப்பு பேக்கா?" என்று கன்னடத்தில் கேட்பார். முன்பு அவளைக் கூப்பிட்டவர், இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார். தெரிந்தும் உடனே பதில் சொல்வதில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் கொடுக்கட்டும் என்று கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறேன்.