முனிக்கு வைத்த கற்பூரம்

கடற்கரை ஊரான தெலுக் பஹாங்கில் எங்களை இறக்கிவிட்டு பஸ் திரும்பிப் போயிருந்தது. நானும் மாமாவும் மீன்பிடிப் படகுகளைத் தாண்டிக் காட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். அம்மாவின் தம்பி அவர். கப்பல் சரக்கெல்லாம் இரும்புப் பெட்டிகளில் வர ஆரம்பித்ததும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுச் சோறுதான் அவருக்கு. அன்று மதியம் நாங்கள் கிளம்பும்போது அப்பா மாமாவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்குக் கடற்கரையோரம் பலகைக் குடிசைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையாம். மாமா அந்த வேலையைக் கேட்கப் போனார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்.

பாதை முழுக்க வேரும் சேறும். காலில் ஏறிய அட்டைகளை மாமா புகையிலைச் சாறு துப்பிக் கழற்றினார். மேலே மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்குகள் எங்களையே பார்த்தன.

"ஒங்க வாத்தியாருங்க எல்லாம் லீவுக்கு இங்கதான் வந்திருக்காங்க போல" என்றார் மாமா.

ஒரு பெரிய மரத்தடியில் நின்றார். துறைமுகத்தில் புதுக் கப்பலில் ஏறும் முன் வாசல் மரத்து முனிக்குக் கற்பூரம் காட்டுவது மூட்டை தூக்குகிறவர்கள் வழக்கம். "கேக்காம உள்ள போனா வேல கெடைக்காதுடா" என்று வேரின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி, பக்கத்தில் ஒரு சுருட்டையும் பற்றவைத்து வைத்தார்.

"அண்ணே! காட்டுக்குள்ள தீயா?"

காக்கி உடுப்புக்காரர் ஒருவர் ஓடிவந்து பூட்ஸ் காலால் மிதித்து அணைத்தார். பேச்சு எங்கள் பேச்சுதான்; சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தால் தமிழ் முஸ்லிம்.

"சாமிக்குங்க தம்பி."

"போர்டு போட்டிருக்கே, பாக்கல?"

மாமாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. "குடிசைக்கு ஆள் வேணும்னாங்க. ரேஞ்சரப் பாக்கணும்."

"நான்தான் ரேஞ்சர். தீ வைக்கிற ஆளையே காவலுக்கு வைக்கவா? நல்லாருக்கு லா."

ஆனாலும் இருட்டப் போகிறதென்று ரேஞ்சரே எங்களைக் குடிசைக்குக் கூட்டிப்போய், சோறும் கருவாடும் கொடுத்துப் படுக்க இடமும் காட்டினார். கெட்ட மனிதர் இல்லை.

மறுநாள் காலை, பக்கத்துக் குடிசை வெள்ளைக்காரிக்குக் காலெல்லாம் கொப்புளம். பஸ் நிற்கும் இடம்வரை தன் பையைத் தூக்க ஆள் கேட்டாள். மாமா முந்திக்கொண்டு எழுந்தார்.

"நீங்க வேணாண்ணே, வழியில எந்த மரத்தப் பாத்தாலும் பத்த வைப்பீங்க. பையன் தூக்கட்டும்" என்றார் ரேஞ்சர்.

"அவன் சின்னப் பிள்ளைங்க" என்ற மாமா, என் பக்கம் திரும்பி, "போடா" என்றார்.

பையின் வாரை என் தோளில் மாமாவே மாட்டிவிட்டார். சரியாக இருந்ததை அவிழ்த்து மறுபடியும் மாட்டினார். முனி ஆளை மாற்றி வேலை கொடுத்துவிட்டார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளி திறந்த பிறகும் அங்கே போகாமல் நான் இதே பாதையில் பை தூக்கிக்கொண்டிருப்பேன் என்பது அப்போது தெரியாது. சோற்றுக்கு வழி தேடி வந்தவர் வெறுங்கையோடு அக்காள் மகன் பின்னால் நடப்பது எப்படியிருக்கும் என்பதும் தெரியாது.

"வழுக்கும் மாமா, மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.