மைனஸில் நின்ற கிணறு

சென்னை வேலையை விட்டுவிட்டு அருப்புக்கோட்டைக்கே வந்துவிட்டேன். கிணற்று மோட்டாரைப் போனிலேயே போட்டு நிறுத்த ஒரு பெட்டி செய்து விற்கப்போகிறேன் என்றேன். அம்மா தெலுங்கில் ஒன்றுதான் கேட்டாள், உன்னைக் கம்பெனிக்காரர்களே அனுப்பிவிட்டார்களா என்று.

முதலில் பெட்டி வாங்கியது பாளையம்பட்டியில் குடியிருக்கும் ஓர் அக்கா. திருச்சுழிப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருந்தார். மோட்டார் போடுவதற்கென்றே பஸ் ஏறிப் போய்வந்தவர். என் பெட்டி சென்சாரால் நீர்மட்டத்தை அளந்து போனுக்கு அனுப்பும். தண்ணீர் அடியில் போனால் மோட்டாரை ஓடவிடாது. கோடை முழுக்க ஒழுங்காக வேலை செய்தது.

ஐப்பசியில் நல்ல மழை. அது வெறித்து, பயிர் வாடத் தொடங்கிய சமயம் அக்கா போன் செய்தார். கிணறு நிறைந்து கிடக்கிறது, பெட்டியோ தண்ணீர் இல்லை என்கிறது என்றார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன் பாப்பா. சரியாகலைன்னா கழட்டிட்டுப் பழைய சுவிச்ச மாட்டிருவேன்."

மறுநாள் காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். சென்சாரைச் சந்தேகப்பட்டு வயரையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சரிசெய்யாமல் பஸ் ஏறுவதில்லை என்று வேப்பமர நிழலில் லேப்டாப்பைத் திறந்தேன்.

சென்சார் அளவை ஹெக்ஸ் எழுத்தாக, அதாவது பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கில் அனுப்பும். இரண்டு எழுத்து சேர்ந்தால் ஒரு பைட். அன்று வந்திருந்தது 8C. கையால் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பதினாறு நூற்று இருபத்தெட்டு, C என்றால் பன்னிரண்டு, ஆக நூற்று நாற்பது. ஒன்றுக்குப் பத்து சென்டிமீட்டர் வீதம் பதினான்கு மீட்டர் தண்ணீர். சரியான அளவுதான். ஆனால் என் புரோகிராம் அதை மைனஸ் நூற்றுப் பதினாறு என்று படித்திருந்தது.

எழுத்தைப் பைட்டாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு. நான் புரோகிராம் எழுதிய ஜாவா மொழியில் பைட் நூற்று இருபத்தேழு வரைதான் போகும்; தாண்டினால் மைனஸில் விழுந்துவிடும். மைனஸ் என்றால் தண்ணீர் இல்லை என்று பெட்டி எடுத்துக்கொண்டது. பெட்டி மாட்டிய நாளிலிருந்து அந்தக் கிணறு அவ்வளவு நிறைந்ததே இல்லை. அதனால் எனக்குத் தெரியவும் இல்லை.

ஒரு வரியில் திருத்தினேன். உடனே போட்டுப் பார்க்கச் சொன்னார் அக்கா. கொஞ்சம் பொறுங்கள் என்று, 00 முதல் FF வரை, பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை, ஒன்றுவிடாமல் ஓட்டிச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்த பிறகுதான் போனை அவரிடம் நீட்டினேன். அவரே அழுத்தினார். குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது.

"அடுத்த மழைக்கு வேற ஏதும் சொல்லுமா?" என்று கேட்டார்.

"சொன்னா நான் வாரேன்க்கா."

அவர் சிரிக்கவில்லை. பழைய சுவிட்சைத் துணியில் சுற்றி மோட்டார் ரூமிலேயே வைத்தார். இருக்கட்டும் என்றார். அது எனக்கு வருத்தமாக இல்லை. திரும்பும் பஸ்ஸில், மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்று பெட்டி வாங்குவதைத் தள்ளிப்போட்டிருந்த ஒரு பந்தல்குடி விவசாயிக்குப் போன் போட்டு, மறுநாள் வருவதாகச் சொன்னேன்.