கப்பலில் ஏறிய பேர்ல்

கப்பல் ஏஜென்சி வேலையில் சரக்கைவிட மெயில்தான் அதிகம் ஏறி இறங்கும். எட்டாவதோடு நின்ற எனக்கு, வந்த மெயிலை உரியவருக்குத் தள்ளிவிடுவதுதான் உத்தியோகம். ஒரு மெயிலை அனுப்பிவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொள்ளும் உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன், மற்றவர்களுக்குப் புரியாது.

ஏசியது யார்?

என் தவிப்பைப் பார்த்து, எங்கள் ஆபீஸ் ஜெபா ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தாள். வந்த மெயிலைக் கம்ப்யூட்டரில் அதுவே உரியவருக்கு அனுப்பிவிடும். முதலில் எழுதியவர் பெயரையும் காட்ட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. லாரி வரவில்லை என்று கப்பல் கேப்டன் காய்ச்சி எடுத்திருந்த மெயில், என் பெயரில் லாரி ஷெட் அண்ணாச்சிக்குப் போனது. உடனே போன் வந்தது.

"ஏளா, நேத்துவரைக்கும் நல்லாத்தான இருந்த? இங்கிலீஷ்ல ஏசுத அளவுக்கு எப்பம் படிச்ச?"

பதினாலு பேர்

பெயர் காட்டும்படி ஜெபா சரிசெய்தாள். அந்த வாரம் வரவிருந்த கப்பலின் பெயரில் 'பேர்ல்' என்று இருந்தது; அதன் வேலையைப் பார்ப்பவர்கள் பதினாலு பேர். "மெயில்ல பேர்ல்னு இருந்தா பதினாலு பேருக்கும் போகட்டும்" என்று யோசனை சொன்னது நான்தான்.

சாயர்புரத்து வாடிக்கையாளர் தாமஸ் சார், எங்கள் முதலாளிக்கு மட்டும் எழுதியிருந்தார்: 'வியாழன் வர இயலாது. மகள் பேர்லைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு முன்வழுக்கை. அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

பதினாலு பேருக்கும் போனது. அதில் ஒருவர் குடோன் சூப்பர்வைசர். அவர்தான் அந்தப் பையன்! ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று அழுதுகொண்டே தாமஸ் சாருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னார்:

"எம்மா, எம் மவளையும் கப்பல்ல ஏத்திட்டியளே!"

பதில்

சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசரின் பதில் வந்தது, அதுவும் பதினாலு பேருக்கும்: 'வழுக்கை உண்மைதான். சம்மதமா என்பதைப் பேர்லே நேரில் சொல்லட்டும். வியாழன் வருகிறேன்.'

வெள்ளிக்கிழமை பேர்லே ஆபீஸுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க எழுந்த என் கையில் ஒரு கேக் பொட்டலத்தை வைத்தாள்.

"ஒத்துக்கிட்டேன்க்கா. போட்டோவுல எல்லாரும் தொப்பி போட்டு வழுக்கைய மறைப்பாங்க; இவரு ஊருக்கே மெயில் போட்டுல்லா ஒத்துக்கிட்டாரு!"

இப்போது ஸ்கிரிப்ட் எதை அனுப்பும் முன்னும் எழுதியவரிடம் சம்மதம் கேட்கிறது. அவர் சரி என்ற பிறகும் நான் ஒருமுறை போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.