பனையோலை சாய்ந்த பக்கம்

என் தையல் பெட்டிக்குள் ஓர் இரும்புப் பின்னல் ஊசி கிடக்கிறது. அதன் தலையில் சுற்றியிருக்கும் சிவப்பு ஒயர் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. எனக்குப் பின்னல் வேலை தெரியாது. ஸ்வெட்டர் போடுகிற ஊரிலும் நான் பிழைத்ததில்லை. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், பழவேற்காடு ஏரிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில், இந்த ஊசியைக் கையில் பிடிக்க ஒரு மீனவக் குப்பமே முட்டி மோதியது. அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

அப்போது நான் பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்துபோகும் புது சயின்ஸ் டீச்சர். வாய் அதிகம், அனுபவம் குறைவு. எங்கள் டிராயிங் மாஸ்டர் இரண்டிலும் எனக்கு நேர் எதிர். காட்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். குனிந்த தலை நிமிராமல் வருவார், சாக்பீஸ் தூளோடு போவார். அவர் முழுசாக ஒரு வாக்கியம் பேசிக் கேட்டவர்கள் பள்ளியில் குறைவு. அந்த வருடம் தலைமை ஆசிரியர் ஓவிய வகுப்புகளை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துவிட நினைத்தார். அப்படி நடந்தால், யார் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்குக் காவல் உட்காருவதுதான் மாஸ்டருக்கு மிஞ்சும். மாஸ்டர் ஒன்றே ஒன்று கேட்டார்: பெற்றோர் நாளில் தனக்கு ஓர் அறை. தலைமை ஆசிரியர் சம்மதித்தார். வாசலில் ஒரு நோட்டு வையுங்கள், வருகிறவர்கள் அபிப்பிராயம் எழுதட்டும், அதைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார்.

மாஸ்டர் செய்தது ஒரு விளையாட்டு. தடித்த அட்டையில் நான்கு பெரிய படங்கள். சத்துணவு அறையின் சாவியைக் கவ்விக்கொண்டு ஒரு பூனை ஓடுகிறது. அதைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ஐந்தாறு பொருள்களின் மேல் பித்தளைப் பொட்டு இருக்கும். ஒயர் கட்டிய இந்த ஊசியால் சரியான பொட்டைத் தொட்டால் பல்பு எரியும், மாஸ்டர் அடுத்த படத்தை இறக்குவார். தப்பான பொட்டைத் தொட்டால் அட்டைக்குப் பின்னாலிருந்து மாஸ்டரே பூனைக் குரலில் சிணுங்குவார். வாயே திறக்காத மனிதருக்குள் அத்தனை பூனைகள் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பேட்டரியும் ஒயரும் என் வேலை. முதல் படத்தில் தலைமை ஆசிரியரின் குடையைத் தொட்டால் பூனை மிரண்டு கூரைக்கு ஓடும். கூரையில் காக்கா துரத்தும், கரையில் நண்டு வாலைப் பிடிக்கும், பூனை ஒரு படகில் தாவி விடும். நான்காவது படத்தில் படகு தண்ணீரில் நிற்கும். அதைக் கரைக்குக் கொண்டுவந்தால் சாவி கிடைக்கும், கடைசி அட்டை திறக்கும். முந்தின நாள் பிள்ளைகளை விட்டு விளையாடிப் பார்த்தோம். கண்டதையும் தொட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, தரையில் உருண்டு சிரித்தார்கள். விடையைச் சொல்லக் கூடாது என்று மாஸ்டர் அவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பெற்றோர் நாளன்று கூட்டம் அறைக்குள் கொள்ளவில்லை. தள்ளுமுள்ளில் அட்டையே சாய்ந்துவிடும் போலிருந்தது. உடனே ஆண்கள் தங்கள் வழக்கத்துக்கு வந்தார்கள். ஏரியில் வலை கட்டும் இடத்துக்கு அவர்கள் முறை பிரித்துக்கொள்வது உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஒருவரின் பாடு நடக்கும்போது இன்னொருவர் வலை இறக்க மாட்டார். அதே மாதிரி சீட்டுக் குலுக்கி மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டத்தின் பாடு நடக்கும்போது மற்றவர்கள் கையை மட்டுமல்ல, வாயையும் நீட்டக் கூடாது. விடை தெரிந்த பிள்ளைகள் ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டு நின்றதுகள்.

மூன்று படமும் ஒரே சிரிப்பு. குடையைத் தொட்டதும் எழுந்த கூச்சல் ஏரிக்கு அக்கரையில் கேட்டிருக்கும். நான்காவது படத்தில் வந்து அத்தனை பேரும் நின்றார்கள். கயிறு, கழி, வலை, பூனை என்று எல்லாவற்றையும் தொட்டார்கள். படகில் சுருட்டிக் கிடந்த பாயை மட்டும் யாரும் தொடவில்லை. விடையே அதுதான்! முதல் கூட்டம் தோற்று எழுந்தது, இரண்டாவது வந்தது, அதுவும் தோற்றது. ஏழாம் வகுப்பு லட்சுமியின் நைனா, அதாவது அப்பா, மூன்றாவது கூட்டத்தில் ஊசியோடு உட்கார்ந்தவர், தன் பாடு முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. பூனைக் குரல் கொடுத்துக் கொடுத்து மாஸ்டருக்குத் தொண்டை கட்டிப்போனது. கடைசி அட்டையை ஒருத்தரும் பார்க்காமலே அந்த நாள் முடிந்தது.

அபிப்பிராயம் எழுதும் நேரம் வந்தது. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லச் சொல்ல எழுதுவது என் பொறுப்பு. மீன் விற்கும் ஓர் அம்மா, கூடையில் கட்டிப்போட்ட நண்டு எப்படி வாலைப் பிடிக்கும் என்று சண்டைக்கு வந்தார். டவுனில் துணிக்கடை வைத்திருந்த பாய், டீ ஆறுவதற்குள் மூன்று படம் ஜல்தியாக முடிந்துவிட்டது, நாலாவது முடியவே இல்லை, இது என்ன கணக்கு என்றார். லட்சுமியின் நைனா சொன்னதுதான் காரம்.

"காத்து தப்பும்மா. இது தெரியாத ஆளு எதுக்குப் படகு படம் போடணும்?"

இதையெல்லாம் தலைமை ஆசிரியர் படித்தால் மாஸ்டர் கதை என்ன ஆவது? நான் பெரிய புத்திசாலித்தனம் செய்தேன். அவர்கள் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு, 'மிக நன்று' என்று எழுதினேன். பதினாறு பக்கம் எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது மாஸ்டரைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு.

மறுநாள் காலை தலைமை ஆசிரியர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"ஒரே கையெழுத்து, ஒரே வார்த்தை. ஊர்ல அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி தோணுமா, டீச்சர்?"

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது. சொல்லிக் கொடுத்து எழுத வைத்தவர் என்ற பழி என்னால் அவர் தலையில் விழுந்திருந்தது. நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். தலைமை ஆசிரியர் நம்பிய மாதிரி தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஓவிய வகுப்பு கிடையாது என்று சொல்ல வாயெடுத்தார்.

வாசலில் சத்தம் கேட்டது. ஏரியிலிருந்து நேராக வந்த ஈர வேட்டியோடு லட்சுமியின் நைனா நின்றார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். பிள்ளைகளின் மார்க்கைக் கேட்கக்கூட அந்த அறைப் படி ஏறாதவர்கள். கூடி வந்திருப்பதைப் பார்த்துத் தலைமை ஆசிரியர் எழுந்தே விட்டார். அவர்களோ மாஸ்டரைத் தேடி வந்திருந்தார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லையாம். அந்தப் படத்தை எடுக்கச் சொன்னார்கள். எடுத்து வந்து சுவரில் சாய்த்தோம். நைனா அதில் விரலை வைத்தார்.

"கரை வலப்பக்கம் கீது. பனையோலை எல்லாம் இடப்பக்கம் சாயுது. கரையிலேர்ந்து காத்து அடிக்கிது சார். இதுல பாய ஏத்துனா படகு கரைக்கா வரும்? தெரிஞ்சே எவனாவது தொடுவானா?"

மாஸ்டர் படத்தையே பார்த்தார். காட்டூர்க்காரர் அல்லவா, அழகுக்காக ஓலையைச் சாய்த்திருக்கிறார். காற்று என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை, ஒயர் இழுத்த எனக்கும் வரவில்லை. பிள்ளைகள் யோசிக்காமல் தொட்டு ஜெயித்தார்கள். பெரியவர்கள் தொழில் தெரிந்ததால் தோற்றார்கள். மாஸ்டர் தூரிகையை எடுத்தார். இடப்பக்கம் சாய்ந்த ஓலைகளை வானத்தின் நீலத்தால் மறைத்து, வலப்பக்கம் சாய்த்து வரைந்தார். அத்தனை பேரும் சுற்றி நெருக்கிக்கொண்டு பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் சாயட்டும் என்று ஒருவர், போதும் என்று ஒருவர். பெயின்ட் காய்வதற்குள் நைனா ஊசியை வாங்கிப் பாயைத் தொட்டார்.

பல்பு எரிந்தது. நான் கத்தியே விட்டேன். மாஸ்டர் கடைசி அட்டையை இறக்கினார். திறந்த சத்துணவு அறை, அரிசி மூட்டைக்கு நடுவில் நான்கு குட்டிகள், தாய்ப்பூனை நக்கிக்கொண்டிருக்கிறது. அது சாவியைத் திருடியது குட்டிகளைப் பார்க்கத்தான். தலைமை ஆசிரியர்தான் முதலில் சிரித்தார், தன் குடை விரட்டியது இந்தத் தாய்ப்பூனையையா என்று. அறையே சிரித்தது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

தலைமை ஆசிரியர் நோட்டை நைனாவிடம் நீட்டினார். அவர் அதை என் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுதும்மா. ஆனா நான் சொன்னத எழுது."

பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது: 'நேத்து காத்து தப்பு. இன்னிக்கு சரியா கீது. ஜல்தி முடிஞ்சிடுது. இன்னொண்ணு போடுங்க சார்.' ஓவிய வகுப்பு பழையபடியே தொடர்ந்தது. அடுத்த மூன்று பெற்றோர் நாளுக்கும் மாஸ்டர் புது விளையாட்டுப் போட்டார், ஒவ்வொன்றையும் வரையும் முன் குப்பத்துக்குப் போய்க் காற்றை விசாரித்துக்கொண்டு.

போன வாரம் என் மகள் போனில் ஒரு விளையாட்டு ஆடினாள். கூட வேலை செய்யும் பெண் தானே உருவாக்கியதாம். விரலால் தொட்டால் கதவு திறக்கிறது, பல்லி பேசுகிறது. அரை மணியில் முடிந்துவிட்டது. நடுவில் ஓரிடம் சரியில்லை என்று அவளே முணுமுணுத்தாள். அபிப்பிராயம் எழுதும் கட்டம் வந்ததும், பாவம்மா, ஐந்து ஸ்டார் போட்டு சூப்பர்னு எழுதிவிடலாம் என்றாள். நான் எழுந்து போய்த் தையல் பெட்டியைத் திறந்தேன். ஊசியை எடுத்து வந்து அவள் கையில் வைத்தேன்.

"உனக்கு இன்னா தோணுச்சோ, அத எழுது" என்றேன்.