குகைக்காரனும் கருங்காலியும்

அந்தக் கார்ட்டூன் தொடரில் நல்லவர்கள் எல்லோரும் செய்தி வாசிப்பவர்களைப் போலத் தமிழ் பேசினார்கள். கெட்டவன் மட்டும் எங்கள் ஊர்க்காரனைப் போலப் பேசினான். எங்கோ வெளிநாட்டில் வரைந்து, சென்னையில் யாரோ குரல் கொடுத்த தொடர் அது. இளவரசன், "நாம் புறப்படலாமா?" என்பான். குகையிலிருந்து எழுந்து வருகிறவன், "ஏலே, எங்கலே போறீக?" என்பான். அந்த வருடம் என் மகளுக்கு ஆறு வயது. சாயங்காலம் அந்தக் குரல் கேட்டதும் ஓடிவந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள். திண்டுக்கல்லில் எங்கள் தெரு முழுவதும் கேபிள் வயர் மாடிக்கு மாடி தாவிப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் என்ன பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று சொல்லித்தர யாரும் இல்லை. நான் பி.எட். படித்தவள். குழந்தை மனவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் அணைத்துவிடலாமா வேண்டாமா என்று ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். அணைத்தால் அழுவாள். விட்டால் பயப்படுவாள். எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கதை இதுதான். மலை மேல் ஒரு ராஜ்ஜியம். அங்கே சிலர் உள்ளங்கையில் வெளிச்சத்தோடு பிறப்பார்கள். அவர்கள் மேலே மாளிகைகளில் இருப்பார்கள். வெளிச்சம் இல்லாமல் பிறந்தவர்கள் கீழே குகைகளில் கல் உடைப்பார்கள். அந்தக் கல்லை எரித்துத்தான் மேலே ஊர் விளக்கெல்லாம் எரியும். குகைக்காரன் ஒருநாள் சிவப்புத் துணியை ஒரு கம்பில் கட்டிக்கொண்டு, "தோழர்களே, கல்லை ஒடைக்கிறவன் இருட்டுல கெடக்கான். வெளக்கு மட்டும் மேல எரியுது. இது என்ன நாயம்?" என்று கேட்டான்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியை நிறுத்தினேன். நியாயமான கேள்வி. யார் என்ன பதில் சொல்லப்போகிறார்கள் என்று பார்க்க, மறுநாளும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பல வாரம் பார்த்தும் ராஜா பதில் சொல்லவில்லை. இளவரசனும் சொல்லவில்லை. ஒருநாள் குகைக்காரன் நள்ளிரவில் போய், மேலே மாளிகைப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் கிணற்றில் விஷத்தைக் கலந்துவிட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பிள்ளைகளுக்கு விஷம் வைத்தவன் கேட்ட கேள்வியை எவன் மதிப்பான்?

எழுதினவர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. குகைக்காரனுக்கு முன்னால் அதே தொடரில் ஒரு வியாபாரி வில்லனாக வந்தான். கடலையே விலைக்கு வாங்கப் பார்த்தவன். மீனவர்களைப் பட்டினி போட்டவன். அவன் கடைசியில் அழுதான், ராஜா கட்டிப்பிடித்து மன்னித்தார், இப்போது சபையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். பணம் பிடுங்கினவனுக்கு மன்னிப்பு உண்டு. சமமாகப் பங்கு போடு என்று சொன்னவனுக்குக் கிடையாது.

இதெல்லாம் எனக்கு வெறும் டிவி விவகாரமாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். என் மாமனார் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்துத் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரை "தோழர்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் சட்டைப் பையிலும் ஒரு சின்னச் சிவப்புக் கொடி குத்தியிருக்கும். பேச்சிலும் "ஏலே". குகைக்காரனை வரைந்தவன் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போய் வரைந்தது போல இருந்தது.

அந்த ஏப்ரலில் எனக்கு வத்தலக்குண்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. ஜூனில் சேர வேண்டும். பள்ளி விட்டு பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்கு மாலை ஆறு ஆகிவிடும். மகள் மூன்றரைக்கே வந்துவிடுவாள். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவர் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ஆக, அந்த இரண்டரை மணி நேரம் பிள்ளை மாமனாரோடுதான் இருந்தாக வேண்டும். பிள்ளை அவரிடம் இருக்க மறுத்தால் எனக்கு வேலை இல்லை. படித்து முடித்து ஏழு வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மாமனாரும் நானும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எங்கள் பக்கம் பல வீடுகளில் அது வழக்கம்தான். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளையிடம், "தாத்தாவுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கட்டுமான்னு கேளு" என்பாள். அவர் பிள்ளையிடம், "செத்த நேரம் ஆகட்டும்னு சொல்லு" என்பார். மற்ற வீடுகளில் அது மரியாதை. எங்கள் வீட்டில் மரியாதை என்று பெயர் வைத்த வெறுப்பு.

காரணம் என் அப்பா. அவரும் அதே தோல் ஷாப்பில்தான் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அங்கே நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி என் அப்பா ஒருநாள் உள்ளே போனார். பிறகு போலீஸ் வந்தது, பந்தலைப் பிரித்தது, என் மாமனாருக்குத் தோளில் அடி. வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போகிறவனுக்குச் சங்கத்தில் கருங்காலி என்று பேர். என் அம்மாவுக்கு மாமனார் ஒன்றுவிட்ட அண்ணன். முறை விட்டுப்போகக் கூடாது என்று அம்மா பிடித்த பிடிவாதத்தில் கல்யாணம் நடந்தது. புரட்சி பேசினவரும் முறைப்பெண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் அப்பாவை மட்டும் வாசல் படி ஏற விடவில்லை. எரியோட்டிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்தால் அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே நிற்பார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவேன்.

மாமனார் பேத்திக்கு அந்த வேலைநிறுத்தத்தைக் கதையாகச் சொல்வார். அதில் ஒரு கருங்காலி வருவான். முதலாளி காலில் விழுவான், போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்து நல்லவர்களை அடிக்க வைப்பான். பேர் சொல்ல மாட்டார். என் மகள் வாய் பிளந்து கேட்பாள். அடுப்படியில் நான் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன். அதற்கு மேல் எதிர்ப்புத் தெரிவிக்க எனக்குத் துணிச்சல் இருந்ததில்லை.

கிணற்றில் விஷம் கலந்த பகுதி வந்த வாரத்திலிருந்து பிள்ளை தாத்தாவிடம் போவதை நிறுத்திவிட்டாள். அவர் கூப்பிட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அவர் எடுத்துக் கொடுத்த தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்றாள். தாத்தா கெட்டவரில்லை, அது பொம்மைப் படம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "கொடி இருக்குல்ல? அப்படித்தான் பேசுறாருல்ல?" என்று கேட்டாள். தண்ணீரை நானே மொண்டு கொடுத்தேன்.

மே தினம் வந்தது. எங்கள் தெருமுனையில் சங்கத்தின் கொடிக்கம்பம் இருக்கிறது. சுருட்டிய கொடிக்குள் பூவை வைத்துக் கட்டி, அந்தத் தெருவின் சின்னப் பிள்ளை ஒன்றைக் கயிறு பிடிக்க வைத்து ஏற்றுவார்கள். அந்த வருடம் என் மகள் முறை. மாமனார் வெள்ளை வேட்டி கட்டி, பின்னுக்கு இழுத்த பேத்தியைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். யார் மூலமாகச் சொல்வது? எங்களுக்கு நடுவில் இருந்தவளே அவள்தான்.

கம்பத்தடியில் கையை உதறிக்கொண்டு அழுதாள். மைக் பக்கத்திலேயே இருந்தது. "இது கெட்டவன் கொடி. இந்தத் தாத்தா கெணத்துல விஷம் வச்சிருவாரு" என்றது தெரு முழுவதும் கேட்டது.

யாரோ சிரித்தார்கள். வேறு சங்கத்திலிருந்து மரியாதைக்கு வந்திருந்த ஒருவர், "என்ன தோழரே, ஒங்க வீட்டுலயே கட்சி மாறிட்டாக போல" என்றார். மாமனார் கொடியைத் தானே ஏற்றினார். பூ அவர் தலையில் விழுந்தது. தட்டிவிடாமல் அப்படியே வீட்டுக்கு வந்து, கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கேபிள் வயரை வெட்டிவிட்டுக் கீழே இறங்கினார்.

கணவர் வந்தார். நடந்ததைக் கேட்டார். "மில்லுலதான் தெனமும் ரெண்டு கோஷ்டின்னா வீட்டுக்குள்ளயுமா? நான் எந்த கேட்டு வழியா வாறது?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அவரால் முடிந்தது அது.

அடுத்த நாட்களில் வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. பிள்ளை அவரிடம் பேசவில்லை. பிள்ளை பேசாததால் நானும் அவரும் பேச வழியில்லை. சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். போதவில்லை என்றாலும் கேட்க மாட்டார். ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் வேலை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை புறப்பட்டு, இரண்டு முறையும் செருப்பைக் கழற்றினேன்.

ஒரு மத்தியானம், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் அடுப்படி வாசலுக்கே வந்து நின்றார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஒங்கப்பன் புத்தி. பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்து வச்சிருக்க."

கரண்டியைக் கீழே வைத்தேன். "நான் சொல்லிக் குடுக்கல மாமா. டிவி சொல்லிக் குடுத்துச்சு. நீங்க எங்கப்பாவைப் பத்திச் சொல்லிக் குடுக்குறீங்கள்ல, அதே மாதிரி."

"ஒங்கப்பன் பேரை நான் எடுத்தேனா?"

"பேரு வேற சொல்லணுமா? போலீஸை எங்கப்பாவா மாமா கூட்டியாந்தாரு?"

அவர் தோளைத் தடவிக்கொண்டார். "முதலாளி கூட்டியாந்தான். அது எனக்குத் தெரியாதா? கதைன்னா அப்படித்தேன். யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு பிள்ளைக்கு வெளங்கணும்ல."

"அந்த டிவிக்காரனும் இதைத்தான் சொல்லுவான்."

திரும்பிப் போனார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று ஒரு பக்கம். இன்னும் நாலு கேட்டிருக்கலாம் என்று இன்னொரு பக்கம். வேலை போனது போனதுதான் என்று மட்டும் உறுதியாகப்பட்டது.

மறுநாள் அவரே மாடிக்குப் போய் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றினார். சாயங்காலம் டிவியைப் போட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளை கதவோரத்திலிருந்து பார்த்தாள். தொடர் ஓட ஓட அவருக்குக் கோபம் ஏறியது. குகைக்காரன் அதே கேள்வியைக் கடைசியாக ஒரு தடவை கேட்டுத் தோற்றான், குகை இடிந்து விழுந்தது, மிச்சமிருந்த கல்லுடைக்கிறவர்கள் ராஜாவுக்கு வாழ்த்துப் பாடினார்கள்.

"களவாணிப் பயலுக. கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்கலே" என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அவன் விஷம் வச்சான்ல" என்றாள் பிள்ளை, கதவோரத்திலிருந்தே.

"வைக்கல. வச்சான்னு காட்டுறான்."

"நான் பாத்தேன்."

"நீ எங்க பாத்த, ஆத்தா? அவன் காட்டுனதப் பாத்த."

பிள்ளை யோசித்துக்கொண்டே இரண்டு அடி உள்ளே வந்தாள். அடுப்படியில் நான் தாளிப்பதை நிறுத்தினேன்.

"அப்ப ஒங்க கதையில கருங்காலி போலீஸக் கூட்டியாந்தான்ல, அதை நீங்க பாத்தீங்களா?"

டிவியில் விளம்பரம் ஓடியது. அவர் திரையைப் பார்த்தபடியே, "பாக்கல" என்றார்.

"அப்ப யாரு காட்டுனா?"

"நான்தேன்."

பிள்ளைக்கு அது பெரிய வெற்றியாகிவிட்டது. பொய் சொன்னீங்க, பொய் சொன்னீங்க என்று அவர் நாற்காலியைப் பிடித்து ஆட்டினாள். அவர் கையைத் தட்டிவிட்டார். அவள் மறுபடி ஆட்டினாள். சுவரோடு ஒட்டி நின்ற பிள்ளை அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் கடுகு கருகியதைக் கவனிக்கவில்லை.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். என் அப்பா அந்தப் படியை ஏறவில்லை. மாமனார் என்னிடம் மறுபடி நேரே பேசவில்லை. நானும் அவரை மன்னிக்கவில்லை. அந்தக் கருங்காலிக் கதையை மட்டும் அவர் நிறுத்திவிட்டார். வருத்தப்பட்டு நிறுத்தினாரா, பேத்தி கேட்கும் கேள்விக்குப் பயந்தா என்று தெரியாது.

ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் முழுக்கப் பாடம் நடத்தினேனா, பிள்ளை அழுகிறாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேனா என்று தெரியவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. வேறு ஏதோ தொடர், வேறு ஏதோ கெட்டவன். அவன் ஏன் கெட்டவன் என்று இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் நான் நிற்பதை மகள் பார்த்தாள். அழுதுகொண்டே ஓடிவருவாள் என்று கையை நீட்டினேன்.

"அதுக்குள்ள ஏம்மா வந்த?" என்றாள், முகத்தைச் சுளித்து. "நாங்க இன்னும் சண்டைய முடிக்கல."