பச்சைக் கோடி

பதுளைக் கடைவீதியில் ஜவுளி எடுக்கப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பிழைக்க வந்த இந்த நாட்டில் எனக்கு இன்னும் பழகாத சங்கதி இது. நம் ஊரில் ஒரு துண்டு வாங்கினாலும், யாருக்கு, என்ன விசேஷம், நல்லதா கெட்டதா என்று துருவித் துருவி விசாரித்த பிறகுதான் கடைக்காரர் மூட்டையை அவிழ்ப்பார். பக்கத்தில் நிற்கும் நாலு பேரும் மூக்கை நுழைப்பார்கள். எரிச்சலாக வரும். அன்றைக்கு அந்த எரிச்சலுக்காக ஏங்கிப்போனேன்.

என் தங்கை செல்லாயியின் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். நான் கடைக்குப் போனதற்கு மறுநாள் கருமாதி. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார்தான் கோடிப் புடவை போட வேண்டும். எங்கள் வழக்கத்தில் அது வெள்ளை. ஊரில் என்றால் அப்பா, ஆத்தா, சித்தப்பா, பங்காளிகள் என்று வண்டி நிறைய ஆள் வந்து இறங்கும். தெருமுனையிலேயே பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். கடலுக்கு அக்கரையில் இருக்கும் அவர்களுக்குச் சாவுச் செய்தியே இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. மலைமேல் தேயிலைத் தோட்டக் கூலிகளின் லயத்து அறையில் முடங்கிக் கிடந்த செல்லாயிக்கு, இந்தத் தீவில் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான். எங்களை ஆள்கட்டிக் கூட்டிவந்த கங்காணி, தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கித் தந்த ஒருநாள் லீவில் தனியாக மலை இறங்கி வந்தேன்.

கடை முதலாளி ஒரு முஸ்லிம்; எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். "வாங்க தம்பி, என்ன காட்ட?" என்றார்.

"தங்கச்சிக்கு ஒரு பொடவைங்க."

என்ன விசேஷம் என்று அவர் கேட்கவில்லை. அவர் சிரித்த முகத்தோடு சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக விரித்துப் போட்டார். "சாயம் போகாது தம்பி. வயசுப் புள்ளைக்கு இந்தப் பச்சை எடுப்பா இருக்கும்."

கங்காணியோடு நாங்கள் மூவரும் முதன்முதலில் இந்த மலை ஏறியபோது செல்லாயி பச்சைப் புடவைதான் கட்டியிருந்தாள். கல்யாணமான புதிது. அட்டைக்குப் பயந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் குதித்துக் குதித்து நடந்ததைப் பார்த்து அவள் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்ததும், எனக்கு எங்கள் வழக்கத்தின் மேலேயே கோபம் வந்தது. லயத்தில் இருப்பது பத்து ஊர்ச் சனம், ஆளுக்கொரு வழக்கம். பங்காளிகள் எட்டிப் பார்க்காத சீமையில் இந்தச் சின்னப் பெண் எதற்கு வெள்ளை கட்ட வேண்டும்? கடல் தாண்டி வந்ததற்கு இந்த ஒரு விடுதலையாவது கிடைக்கட்டுமே என்று பச்சையையே வாங்கிக்கொண்டேன். திரும்பி ஏறும்போது மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

மறுநாள் சடங்கில், முக்காடிட்டு உட்கார்ந்திருந்தவளின் தோளில் அதைப் போட்டேன். லயத்துச் சனம் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பச்சையா இருக்கேண்ணே."

"இங்க யாரு தாயி கேக்கப் போறா? கட்டிக்க."

"யாரும் கேக்க மாட்டாங்கதான். ஆனா வெள்ளையா இருந்திருந்தா, அப்பாவும் ஆத்தாவும் வந்து போட்டதா நெனச்சிருப்பேண்ணே."

புருஷன் செத்த அன்றுகூட அடக்கிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. வெள்ளையோடு அவளிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டிய பிறந்த வீடு, அந்தக் கடையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு அவள் வந்து நின்றாள். பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். தலையிலும் தோளிலும் புருஷனுடைய வெள்ளை வேட்டியைச் சுற்றியிருந்தாள். "பனிக்குண்ணே" என்றாள். கூடைக் கயிற்றை அந்த வேட்டியின் மேலேயே மாட்டிக்கொண்டு மற்றப் பெண்களோடு மலை ஏறினாள். கொஞ்ச தூரத்திலேயே புடவையின் பச்சை, தேயிலைச் செடிகளுக்குள் கலந்துவிட்டது. வெள்ளை மட்டும் வெகுநேரம் தனியாகத் தெரிந்துகொண்டிருந்தது.